பாலமலைக்கு உண்டு, பர்கூருக்கு இல்லை

சேலம் மாவட்டம் மேட்டூர் வட்டத்தில், கொளத்தூருக்கு மேலே பாலமலை. ஈரோடு மாவட்டத்தில், அந்தியூருக்கு மேலே பர்கூர் மலை. இரண்டிலும் மலையாளி என்னும் மலைச்சமூகத்தார் வாழ்கிறார்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தமிழ் பேசுகிறவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்து ஆளுக்கொரு மலை ஏறிய அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்பவர்கள். பாலமலைப் பையன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தால், பட்டியல் பழங்குடியினர் என்ற சான்றிதழோடு கல்லூரி வாசலுக்குப் போகலாம். பர்கூர்ப் பையனுக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. அவனும் அதே சமூகம்தான், அதே குலதெய்வம்தான். பெண் கொடுத்து எடுக்கும் உறவுக்கும் மாவட்ட எல்லை தெரியாது. அரசாங்கத்துக்கு மட்டும் அவன் வேறு ஆள்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, அதை மாற்றும் தலைமை ஏன் அந்த மலையிலிருந்து எழவில்லை என்பதே இந்த ஆய்வின் பொருள். கொங்கு நாட்டில் சாதியும் அரசியலும் பற்றிய பேச்சு பெரும்பாலும் பெரிய சமூகங்களோடு நின்றுவிடுகிறது. அந்தியூரிலிருந்து கொள்ளேகால் போகும் மலைச்சாலையில் தாமரைக்கரையைத் தாண்டி அந்தப் பேச்சு ஏறுவதில்லை.

ஒரு அடைப்புக்குறி

அரசியலமைப்பின் 342ஆவது பிரிவின்படி, பழங்குடியினர் பட்டியலைக் குடியரசுத் தலைவர் 1950 செப்டம்பரில் ஆணையாக வெளியிட்டார். அதன்பின் அதில் ஒரு சொல்லைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். தமிழ்நாட்டுப் பட்டியலில் இருளர், ஊராளி, சோளகர் போன்றவர்களுக்கு இட வரம்பு இல்லை. மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்திலோ ஓர் அடைப்புக்குறி நிற்கிறது: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில். கோயம்புத்தூர் என்ற பெயர் அதில் இல்லை.

பர்கூரும், சத்தியமங்கலத்துக்கு மேலே மலையாளிகள் வாழும் இன்னொரு மலையான கடம்பூரும் அன்று கோயம்புத்தூர் மாவட்டம். 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நாடெங்கும் பல இனங்களுக்கு இருந்த இட வரம்பைத் தளர்த்தியது. 1965இல் பிறந்த தருமபுரியும் 1974இல் பிறந்த புதுக்கோட்டையும் அடைப்புக்குறிக்குள் பெயர் பெற்றன. கோயம்புத்தூருக்கு அப்போதும் இடமில்லை. மூன்றாண்டு கழித்து, 1979இல், கோயம்புத்தூரிலிருந்து பெரியார் மாவட்டம் பிரிந்தது. இன்றைய ஈரோடு அதுதான். தாய் மாவட்டத்துக்கு இல்லாத உரிமை சேய் மாவட்டத்துக்கு எப்படி வரும்? அதே தர்க்கம் எதிர்த்திசையிலும் வேலை செய்தது. சேலத்திலிருந்து 1997இல் நாமக்கல் பிரிந்தபோது கொல்லிமலை மலையாளிகளுக்கு எதுவும் குறையவில்லை, ஏனென்றால் அவர்கள் பழைய சேலத்தார்.

நீதிமன்றத்துக்குப் போனால் தீருமா என்றால் தீராது. மகாராஷ்டிர அரசு எதிர் மிலிந்த் வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பட்டியலை உள்ளபடியே படிக்க வேண்டும், இன்னாரும் அதில் அடங்குவர் என்று விசாரணை நடத்தி விரித்துப் பொருள் கொள்ள நீதிமன்றங்களுக்கும் அதிகாரம் கிடையாது. ஆக, வட்டாட்சியர் அலுவலகத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை எந்த மேசையிலும் இதற்கு விடை இல்லை. விடை டெல்லியில், ஒரு மசோதாவில் மட்டுமே இருக்கிறது.

சான்றிதழோடு போவது எவ்வளவு

இடஒதுக்கீடு என்றதும் கல்லூரி இடம் மட்டும் நினைவுக்கு வருகிறது. அது ஒரு பகுதிதான். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு 1990 முதல் தனியாக ஒரு சதவீதம். மத்திய அரசுப் பணிகளிலும் உயர்கல்வி நிறுவனங்களிலும் 7.5 சதவீதம். இதற்கு முந்திய படிகள் இன்னும் முக்கியம். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், ஏகலைவா பள்ளிகள், மேற்படிப்பு உதவித்தொகை, விடுதி, கட்டண விலக்கு ஆகியவை சேர்ந்துதான் ஒரு மலைக்கிராமத்துப் பிள்ளையைக் கல்லூரி வரை தூக்கிவிடுகின்றன. 2024இல் பச்சைமலைப் பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். நாளிதழ்கள் கொண்டாடின, முதலமைச்சர் வாழ்த்தினார். இரண்டுமே அடைப்புக்குறிக்குள் இருக்கும் மலைகள். பர்கூரில் அதே மூளையோடு ஒரு பெண் இருந்தால் அவள் போட்டியிட வேண்டியது வேறு வரிசையில், மிக நீண்ட வரிசையில்.

நிலத்தின் கதை இதைவிடக் கசப்பு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, பட்டியல் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன் அந்தக் காட்டில் வசித்து அதை நம்பி வாழ்ந்தார்கள் என்று காட்டினால் போதும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது அந்தத் தேதிக்கு முந்திய 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததை நிறுவ வேண்டும். 1930இலிருந்தே பர்கூர் மலையில் இருந்தோம் என்பதற்கு அந்த மக்கள் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? வெள்ளைக்காரன் காலத்து வனத்துறை ஆவணத்தைத் தேடி, எழுத்தறிவு அப்போதுதான் எட்டிப்பார்த்த ஒரு சமூகம் அலைய வேண்டும். பாலமலைக்காரருக்கு அந்த அலைச்சல் இல்லை. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டங்களின் காடுகளில் 80,000 ஹெக்டேருக்கு மேல் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின் இந்தக் காகிதத்தின் விலை இன்னும் ஏறிவிட்டது. மேய்ச்சலும் நிலமும் அங்கே வெறும் பிழைப்பு விஷயமாக இல்லை. பர்கூர் மாடு என்ற பெயர்பெற்ற நாட்டு இனமே அந்த மேய்ச்சலை நம்பித்தான் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அதிகம் பேசப்படாதது. 1992 ஜூனில் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் மலையாளி மக்கள்மீது நடந்த கொடுமையில் 269 அரசு ஊழியர்கள் குற்றம்சாட்டப்பட்டார்கள். 2011இல் தண்டனை, 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த வழக்கின் வலிமைக்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் ஒரு காரணம். அந்தச் சட்டம் பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான் கவசம். பர்கூரில் அதே சமூகத்தவர்மீது அதே கொடுமை நடந்தால் அந்தச் சட்டத்தின் பிரிவு ஒன்றைக்கூட எழுத முடியாது.

இப்படி எல்லாக் கதவும் சாத்தியபின் மலை இளைஞருக்கு மிஞ்சுவது கரும்பு வெட்டு, செங்கல் சூளை, எல்லை தாண்டிக் கர்நாடகத் தோட்ட வேலை, திருப்பூர் பனியன் கம்பெனி. உழைப்பில் கேவலமில்லை. பாலமலை இளைஞனுக்கு அது ஒரு தெரிவு. பர்கூர் இளைஞனுக்கு அது மட்டுமே வழி என்பதுதான் குறை.

தலைமை ஏன் முளைக்கவில்லை

இதற்குப் பதிலாக வழக்கமாகச் சொல்லப்படுவது, மலைமக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்பது. எனக்கு இந்த வாக்கியத்தின்மேல் நம்பிக்கை கிடையாது. சமவெளியில் அதிகாரத்தோடு இருப்பவர்கள் தங்கள் வசதிக்குச் செய்துகொண்ட வாக்கியம் அது. பர்கூர், கடம்பூர் மலையாளிகள் மனு கொடுக்காத ஆட்சியர் இல்லை. இடதுசாரிகள் முன்னின்று நடத்தும் பழங்குடி, மலைவாழ் மக்கள் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் இந்தக் கோரிக்கையை ஏந்தி நிற்கின்றன. குறை தொகுதி வரைபடத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் பழங்குடியினருக்கான தனித் தொகுதிகள் இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். 2008 தொகுதி மறுவரையறைக்கு முன் உப்பிலியபுரமும் சேர்த்து மூன்று இருந்தன. மக்களவையில் ஒன்றுகூட இல்லை. எஞ்சிய இரண்டுமே மலையாளிகள் பெரும்பான்மைப் பழங்குடியாக இருக்கும் மலைகளை மையமாகக் கொண்டவை.

ஈரோட்டு மலைகளுக்கு வருவோம். பர்கூர், அந்தியூர் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. அது முன்பு தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதி. மறுவரையறைக்குப்பின் பொதுத் தொகுதி. தனித் தொகுதியாக இருந்தபோது பட்டியலில் இல்லாத மலையாளி அங்கே நிற்கச் சட்டமே இடம் தரவில்லை. பொதுத் தொகுதியானபின் சட்டம் இடம் தருகிறது, கட்சிகள் தருவதில்லை. சமவெளியில் எந்தச் சமூகத்துக்கு எத்தனை வாக்கு என்ற கணக்கில் மலை ஓரத்துக் குறிப்பாக நின்றுவிடுகிறது. கடம்பூர் மலை பவானிசாகர் தொகுதி. அது மறுவரையறைக்குப்பின் தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதி ஆனது. அதை உள்ளடக்கிய நீலகிரி மக்களவைத் தொகுதியும் அப்படியே. எனவே கடம்பூர் மலையாளி தன் சொந்த ஊரின் சட்டமன்ற இடத்துக்கும் மக்களவை இடத்துக்கும் வேட்புமனுவே போட முடியாது. நாளை அவருக்கு எஸ்.டி. சான்று கிடைத்தாலும் முடியாது. தனித் தொகுதி என்ற ஏற்பாடு இங்கே தேவையானதுதான், அருந்ததியருக்கும் பிறருக்கும் அது நியாயமானது. ஆனால் அதன் நிழல் இன்னொரு சிறுபான்மைமேல் விழுவதை யாரும் கவனிப்பதில்லை.

மக்களவையில் பர்கூர் திருப்பூர்த் தொகுதியைச் சேர்ந்தது. பனியன் தொழில், ஏற்றுமதி, நூல் விலை, சாயக்கழிவு என்று தீராத பிரச்சினைகள் குவிந்த தொகுதி. எந்தக் கட்சியின் எம்.பி.யாக இருந்தாலும் மலைக்கான நேரம் மிச்சத்தில்தான் கிடைக்கும். ஒரே கோரிக்கை உள்ள ஒரே சமூகம் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளாகவும் இரண்டு மக்களவைத் தொகுதிகளாகவும் பிளந்து கிடக்கிறது. எங்குமே அவர்கள் வாக்கு வெற்றியைத் தீர்மானிக்கும் அளவுக்குத் திரளவில்லை.

உள்ளாட்சியில் நிலைமை சற்று வேறாக இருந்திருக்கலாம். அங்கும் இட ஒதுக்கீடு மக்கள்தொகைக் கணக்கில் பட்டியல் பழங்குடியினர் எத்தனை பேர் என்பதை வைத்துத்தான். எண்ணப்படாதவர்களுக்கு இடம் ஒதுக்க முடியாது. பழங்குடிப் பகுதிகளின் கிராமசபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே பொருந்தாது, ஏனென்றால் தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. இதற்கும் மேலே இன்னொரு கொடுமை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து மூன்று ஆண்டுக்கு மேல் தேர்தலே இல்லை. 2019 டிசம்பரில் நடந்தது. அப்படி வந்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். ஒரு மலைக்கிராமத்து இளைஞர் பொதுவாழ்க்கையைப் பழகக்கூடிய ஒரே இடம் ஊராட்சி மன்றம்தான். வார்டு உறுப்பினராகி, பி.டி.ஓ. அலுவலகம் ஏறி இறங்கி, ஒரு தீர்மானத்தை எப்படி எழுதுவது என்று கற்றுக்கொள்ளும் வயதில் அந்தக் கதவு பூட்டிக் கிடந்தால் அடுத்த தலைமுறைத் தலைவர் எங்கிருந்து வருவார்?

பட்டியலில் சேரத் தலைமை வேண்டும். தலைமை உருவாகப் பட்டியல் வேண்டும். பர்கூர் இந்தச் சுழலுக்குள் நிற்கிறது.

கொல்லிமலை மட்டும் வாழ்கிறதா

பட்டியல் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் கொல்லிமலையைப் பார்க்க வேண்டும். 2011 கணக்குப்படி அந்த மலையில் வசிப்பவர்கள் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர். சேந்தமங்கலம் தொகுதியின் வாக்காளர்களோ இரண்டு லட்சத்துக்கும் மேல். வேட்பாளர் மலையாளியாக இருப்பார், அவரைத் தேர்ந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் கீழே இருப்பவர்கள். இயல்பாகவே கட்சிகள் சமவெளிக்கு உறுத்தாத ஆளைத் தேடும். காட்டு நிலம், பாக்சைட் சுரங்கம், வனத்துறைக் கெடுபிடி என்று உரத்துப் பேசுகிறவருக்கு டிக்கெட் கிடைப்பது அரிது. இரண்டு எம்.எல்.ஏ.க்களும் கட்சிக் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழும் சும்மா வந்துவிடுவதில்லை. பழங்குடியினர் சான்று வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடம் இல்லை, கோட்டாட்சியரிடம் இருக்கிறது. போலிச் சான்றிதழ்கள் பெருகியதால் சந்தேகமும் பெருகி, உண்மையான பழங்குடியினரே மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

இருந்தும் வித்தியாசம் கண்கூடு. கொல்லிமலை தனி ஊராட்சி ஒன்றியம், பதினான்கு ஊராட்சிகள். தலைவர் பதவியிலும் ஒன்றியக்குழுவிலும் மலையாளிகள் அமர்ந்து பழகியிருக்கிறார்கள். அங்கே ஆசிரியர்கள், செவிலியர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள் உருவாகியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஒருவர் அரசுச் சம்பளம் வாங்கினால் அந்தத் தெருவில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர் ஒருவர் கிடைத்துவிடுகிறார். அரசியல் தலைமைக்கு முந்திய படி இதுதான் என்று நான் நினைக்கிறேன். சமூகத்தின் முதல் எம்.எல்.ஏ.வைவிட முதல் எழுத்தர் முக்கியமானவர்.

பக்கத்துக் கணக்குகள்

கொங்கு நாட்டுக்கே தெரிந்த இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு. கொங்கு வேளாளர் 1975இல் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். நிலமும் எண்ணிக்கையும் எல்லாக் கட்சிகளிலும் ஆளும் உள்ள சமூகம்; அந்தப் பட்டியல் மாநில அரசின் கையில் இருந்தது. இரண்டாவது, அருந்ததியர். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நிறைந்த, தோல் வேலைக்கும் துப்புரவுக்கும் ஒதுக்கப்பட்ட சமூகம். நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரைப்படி 2009இல் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் 3 சதவீத உள் ஒதுக்கீடு பெற்றார்கள். இயக்கங்கள் தெருவில் இறங்கிப் போராடின. அவர்களுக்குத் தனித் தொகுதிகள் வழியாக ஏற்கெனவே சட்டமன்றத்தில் ஆட்கள் இருந்தார்கள், பின்னாளில் ப. தனபால் பேரவைத் தலைவராகவே அமர்ந்தார். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. பட்டியலுக்குள் இருப்பவர்கள் பட்டியலுக்குள்ளிருந்தே போராடலாம் என்பதற்கு அது சான்று. வாசலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு அந்த வழி இல்லை.

டெல்லி வழியும் அடைபட்டதில்லை. உத்தரப் பிரதேசத்தில் கோண்டு இனத்துக்கு இருந்த மாவட்ட வரம்பு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் மேலும் நான்கு மாவட்டங்களுக்கு விரிந்தது. பர்கூருக்கு வேண்டியதும் அச்சு அசலாக இதுதான்: புதிய இனம் வேண்டாம், அடைப்புக்குறிக்குள் ஒரு மாவட்டப் பெயர் போதும். இமாச்சலத்தில் சிர்மௌர் மாவட்டத்து ஹாட்டி சமூகத்தின் வாதமும் இதே வகை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், உத்தராகண்டின் ஜௌன்சார் பாவரில் இருக்கும் உறவினர்களுக்கு 1967 முதல் பழங்குடித் தகுதி. இவர்களுக்கு 2023இல்தான் சட்டம் வந்தது. அதையும் மறு ஆண்டே உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டில் நரிக்குறவர், குருவிக்காரர் பெயர்கள் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தைக் கடந்தன. நடக்கும், ஆனால் யாராவது விடாமல் தள்ள வேண்டும்.

நடைமுறையும் தெரிந்ததே. மாநில அரசு இனவரைவியல் ஆய்வோடு பரிந்துரைக்க வேண்டும். இந்தியத் தலைமைப் பதிவாளர் ஒப்ப வேண்டும். தேசிய பழங்குடியினர் ஆணையம் ஒப்ப வேண்டும். அமைச்சரவை, பிறகு மசோதா. தகுதியைப் பார்க்க இன்றும் 1965ஆம் ஆண்டு லோகூர் குழுவின் அளவுகோல்கள்தான். தொன்மைத் தன்மை, தனித்த பண்பாடு, புவியியல் தனிமை, பின்தங்கிய நிலை, வெளியாரோடு பழகக் கூச்சம். கடைசியில் இருப்பதைக் கவனியுங்கள். கூச்சப்படுகிறவர்தான் பழங்குடி, கூச்சத்தை விட்டுவிட்டு டெல்லி வரை போய்க் கத்தினால்தான் அது காகிதத்தில் ஏறும். இதைவிடப் பெரிய வேடிக்கையை ஒரு நிர்வாகம் யோசித்துச் செய்திருக்க முடியாது.

சோளகரும் ஊராளியும் என்ன ஆவார்கள்

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் மட்டும் எனக்குக் கனமாகப் படுகிறது. 2011 கணக்கில் தமிழ்நாட்டின் பழங்குடியினர் ஏறத்தாழ எட்டு லட்சம். அதில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் மலையாளிகள். ஒரு சதவீத ஒதுக்கீட்டில் பெரிய பங்கு ஏற்கெனவே அவர்களுக்குப் போகிறது. அதே பர்கூர் மலையில் சோளகர்களும், கடம்பூர் மலையில் ஊராளிகளும் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் சிறியவர்கள், படிப்பில் பின்தங்கியவர்கள், வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தில் அதிரடிப்படையிடம் அடிபட்டவர்கள். ஈரோட்டு மலையாளிகளும் வந்தால் நமக்கு என்ன மிஞ்சும் என்று ஒரு சோளக இளைஞர் கேட்டால் அவரைக் குறுகிய மனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அதற்கு மருந்து மலையாளிகளை வெளியே நிறுத்துவதாக இருக்க முடியாது. 2024 தீர்ப்பு பட்டியல் பழங்குடியினருக்குள்ளும் மிகப் பின்தங்கியவர்களுக்குத் தனிப் பங்கு தரும் வழியைத் திறந்திருக்கிறது. ஒரு சதவீதத்தை உடைப்பது கடினம் என்றால், உறைவிடப் பள்ளி இடங்களிலும் காவல், வனத்துறை வேட்டைத்தடுப்புக் காவலர் போன்ற உள்ளூர் வேலைகளிலும் சிறிய இனங்களுக்கு முன்னுரிமை தரலாம். சிறியவரைக் காட்டி நடுத்தரவரை மறுப்பது அதிகாரத்துக்கு எப்போதும் எளிதான உத்தி.

இப்போது செய்யக்கூடியவை

நாடாளுமன்றம் நகரும்வரை காத்திருக்க வேண்டாத வேலைகள் சில உண்டு. மாநில அரசு தன் சொந்தப் பணத்தில் நடத்தும் உதவித்தொகை, விடுதி, உறைவிடப் பள்ளிச் சேர்க்கையை ஈரோட்டு மலைகளின் மலையாளி மாணவர்களுக்கு விரிக்க டெல்லியின் அனுமதி தேவையில்லை. வன உரிமை மனுக்களில் 75 ஆண்டுக்கான சான்றை மக்கள்தான் தேடிவர வேண்டும் என்று உட்கார்ந்திருக்காமல், வனத்துறையும் வருவாய்த்துறையும் தங்கள் பழைய பதிவேடுகளைக் கிராமசபையில் வைக்கலாம். முதியோரின் வாய்மொழிச் சாட்சியத்தையும் சட்டத்தின் விதிகள் சான்றாக ஏற்கின்றன. அதைப் பதிவுசெய்ய ஒரு நோட்டும் பொறுமையான எழுத்தரும் போதும். உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்துவதைச் சலுகை என்றே சொல்ல முடியாது.

மலை இளைஞர்கள் தாங்களாகவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. 1931க்குப்பின் முதன்முறையாக எல்லாச் சாதிகளும் எண்ணப்படப் போகின்றன. பழங்குடியினர் கணக்கில் ஈரோட்டு மலையாளிகள் இம்முறையும் சேரமாட்டார்கள், ஏனென்றால் அந்தக் கணக்கு இதே பட்டியலைப் பார்த்தே எடுக்கப்படும். ஆனால் சாதிக் கணக்கில் அவர்கள் பெயர் ஏற முடியும். ஒருவர் 'மலையாளி' என்றும் இன்னொருவர் 'மலைக்கவுண்டர்' என்றும் வேறொருவர் வெறும் 'கவுண்டர்' என்றும் சொன்னால் எண்ணிக்கை சிதறிவிடும். பரிந்துரைக் கோப்பு மறுபடியும் ஆள் இல்லாத கோப்பாகிவிடும். ஒவ்வொரு ஊரிலும் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் கணக்கெடுப்பாளருடன் வீடு வீடாக நடந்தால், பர்கூரிலும் கடம்பூரிலும் மலையாளிகள் எத்தனை பேர் என்ற எண் அரசின் கையாலேயே எழுதப்பட்டுவிடும். அடுத்த தொகுதி மறுவரையறைக்கு முன்னால் அந்த எண் கையில் இருப்பது நல்லது.